போடச் சொன்னா போட்டுருவியா

விமான நிலையத்தில் கைப்பையைச் சோதிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி வைத்திருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். உள்ளே தண்ணீர் பாட்டில், ஊறுகாய் ஜாடி, தேங்காயெண்ணெய், சென்ட்டு, யாருடைய அம்மாவோ பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்த என்னவோ ஒன்று. வீட்டில் பெண்டாட்டியை அதட்டுகிறவர்கள், ஆபீஸில் மேஜையைத் தட்டிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்த இடம் வந்ததும் பெட்டிப் பாம்பாகிவிடுவார்கள். சீருடைக்காரர் கையை நீட்டிக் காட்டுவார். இவர்கள் போடுவார்கள். பன்னிரண்டு வருஷம் துபாயில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். போகவும் வரவும் எத்தனையோ தடவை அந்த வரிசையில் நின்றிருக்கிறேன், நானும் போட்டிருக்கிறேன். போட மாட்டேன் என்று சொன்ன ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்தேன். அவர் எங்கள் தெரு லாத்தா.

லாத்தா என்றால் அக்கா. தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. அவர்கள் துலுக்கர், நாங்கள் வேறு ஜனம், ஆனால் தெரு மொத்தமும் அவரை லாத்தா என்றுதான் கூப்பிட்டது. அவரைவிட இருபது வயது மூத்த என் அப்பா, எங்கள் அய்யாகூட, "லாத்தாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா" என்றுதான் சொல்வார். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் இங்கேயும் பேர் வேண்டாம்.

தையல்காரர். ஜாக்கெட், பாவாடை, புர்கா, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பார். ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மரியாதை தையலால் வந்ததில்லை. வெளிநாடு போகிற யாருடைய கைப்பையும் அவர் துணி வெட்டுகிற மேஜைமேல் ஒருதரம் திறந்து மூடப்படாமல் ஊர் எல்லையைத் தாண்டாது. எது கையில் போகலாம், எது பெரிய பெட்டிக்குள் போக வேண்டும், எதை இங்கேயே விட்டுவிட வேண்டும் என்று லாத்தா பிரித்து வைப்பார். இத்தனைக்கும் அப்போது அவர் விமானம் ஏறியதே இல்லை. வழியனுப்பப் போய் மதுரை விமான நிலையத்தின் வாசலோடு திரும்பி வந்தவர்.

ஆரம்பம் அவர் வீட்டுக்காரரால். அவருக்குச் சவூதியில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. விடுமுறை முடிந்து போகும்போது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கைப்பைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார் லாத்தா. போய்ச் சேர்ந்ததும் போன் செய்த மனுஷன், எண்ணெயைப் போடச் சொன்னார்கள், போட்டுவிட்டேன் என்று சாவதானமாகச் சொல்லியிருக்கிறார். லாத்தா கேட்டது ஒரே கேள்வி.

"போடச் சொன்னா போட்டுருவீகளா?"

அவர் அப்புறம் ஊருக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தெருவில் அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. லாத்தாவுக்கு மட்டும் அதில் சிரிப்பு இல்லை. ஏன் போடச் சொன்னான், எதைப் போடச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று விடுமுறையில் வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துக் கேட்கத் தொடங்கினார். ஆறே மாதத்தில், வருஷத்துக்கு இரண்டு தடவை பறக்கிறவர்களுக்கே தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். ரேஷன் கடையில் சீனி தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்றார்கள். ஊரே திரும்பிப் போனது. லாத்தா வீட்டுக்குப் போய், கொக்கி வைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து கடை வாசலிலேயே உட்கார்ந்து தைத்தார். சாயங்காலத்துக்குள் உள்ளே இருந்து சீனி வந்தது. அவர் மகளுக்கு ராமநாதபுரத்தில் கல்லூரி கிடைத்தபோது பன்னிரண்டாவதோடு போதும், நிறுத்து என்று சொந்தக்காரர்கள் கூடி வந்தார்கள். நிறுத்தச் சொன்னா நிறுத்திருவேனா என்று கேட்டுவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். கத்த மாட்டார், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டால் எழுப்ப ஆள் கிடையாது.

சட்டம் தெரியாமல் மல்லுக்கு நிற்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் கொண்டுபோகும் பாட்டில் நூறு மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்றால் நூறுதான். உள்ளே பாதி இருந்தாலும் பாட்டில் பெரிதென்றால் பெரிதுதான். இதைப் படித்த மாப்பிள்ளைகளுக்கே புரியவைக்க முடியாது. பாதிதானே லாத்தா இருக்கு என்பார்கள். பாதி வயித்துக்குச் சாப்பிட்டாலும் ஆளு முழுசாத்தானே நிக்கிறே என்று திருப்பிக் கேட்பார்.

நூறு மில்லிக்குத் தோதானது இருமல் மருந்து பாட்டில். மார்கழியில் ஊரே லொக்கு லொக்கென்று இருமும்போது லாத்தா முகத்தில் ஒரு தெளிவு வரும். நல்லா இருமுங்க, முழுப் பாட்டிலையும் குடிங்க என்று எங்கள் அய்யாவிடமே சொல்லியிருக்கிறார். காலிப் பாட்டில்களை வெந்நீரில் அலசி, லேபிளைச் சுரண்டி, மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்திருப்பார். நான் கொண்டுவந்து கொடுத்த ஊசியில்லாத சிரிஞ்சால் எண்ணெயை அளந்து ஊற்றுவார். பாட்டில்களைப் போடக் கண்ணாடி மாதிரிப் பை வேண்டும் அல்லவா, அதையும் மேஜைக்கு விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, சிவப்பு ஜிப் வைத்து அவரே தைத்துவிடுவார். எங்கள் ஊர் ஆட்களை மதுரை விமான நிலையத்தில் அந்தச் சிவப்பு ஜிப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

சரி, எது திரவம், எது திரவமில்லை? இதில்தான் ஊர் முழுக்கக் குழப்பம். லாத்தா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து, கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்ப்பார். பிறகு மறுபக்கம். உள்ளே இருப்பது அசைந்தால் பெட்டிக்குள் போக வேண்டும், அசையாவிட்டால் கையில் போகலாம். "ஆட்டிப் பாரு. ஆடுச்சுன்னா அது தண்ணி," என்பார். சீலாமீன் குழம்பைச் சுண்டச் சுண்ட வைத்து, சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் அனுப்பியிருக்கிறார். தொதல் என்றால் கீழக்கரைப் பக்கத்து அல்வா, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுவது. தொட்டால் கை முழுக்க எண்ணெயாகிவிடும். அதை மூன்று நாள் பேப்பர்மேல் வைத்து, பேப்பரை மாற்றி மாற்றி எண்ணெயை இழுத்துவிட்டுத்தான் பையில் வைப்பார். ஒருதடவை இது அல்வா, கொண்டுபோகக் கூடாது என்று நிறுத்தினார்களாம். எங்கள் தெரு ஆள், லாத்தா சொல்லிக் கொடுத்தபடி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். ஒரு துண்டுகூட விழவில்லை. சோதனைக்காரரே சிரித்துவிட்டாராம்.

நோன்பு மாதத்தில் ஒரு தாய், மகனுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்ப வேண்டும் என்று தூக்குவாளியோடு வந்து நின்றார். பார்த்தவர்களெல்லாம் சிரித்தோம். லாத்தா சிரிக்கவில்லை. அரிசியை வறுத்து உடைத்து, பாசிப்பருப்பு, வெந்தயம், மசாலா எல்லாவற்றையும் காயவைத்துக் கலந்து பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

"தண்ணி எல்லா ஊர்லயும் இருக்கு. அத எதுக்கு இங்கன இருந்து சுமக்குறீக?"

இந்த ஒரு வார்த்தையை நான் அன்றைக்கே கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு பொல்லாத குணமும் உண்டு. சொல்லியும் கேட்காமல் ஒரு சாமானைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தால், அந்த ஆளுக்கு மறுபடி பை கட்ட மாட்டார். கெஞ்சினாலும் மாட்டார். அவர் கட்டிக் கொடுத்ததில் தொட்டிக்குப் போனது ரொம்பக் கொஞ்சம். அதில் ஒன்று எனக்கு வர வேண்டியது.

எனக்குப் பிள்ளை பிறந்தது துபாயில். எங்கள் அம்மா அதற்கு நாலு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமியாருக்கு விமானம் ஏறப் பயம். பிரசவமான மூன்றாம் நாள் நானே எழுந்து சோறு வடித்தேன். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு லேகியம் கொடுப்பார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. பேறுகால மருந்து என்பார்கள். பெற்றவளின் தாய்தான் முதல் வாய் ஊட்ட வேண்டும். எனக்கு ஊட்ட யார் இருக்கிறார்கள்? லாத்தா கிண்டினார். எங்கள் தெருவுக்கு மருமகனாக வந்தவர் ஒருவர் துபாய்க்குத் திரும்புகிறார் என்று தெரிந்து அவரிடம் கொடுத்தார். அது இளகின பதம், ஆடும். அதனால் டப்பாமேல் டேப் ஒட்டி, பெட்டிக்குள் என்று பேனாவால் எழுதியும் கொடுத்தார். அந்தப் புண்ணியவான், பெட்டி எடை கூடிப்போச்சு என்று கவுன்ட்டரில் நின்று டப்பாவை எடுத்துக் கைப்பைக்கு மாற்றியிருக்கிறார். உள்ளே போடச் சொன்னார்கள். போட்டுவிட்டார்.

எனக்குப் போனில் சொன்னார். பரவாயில்லைண்ணே என்றேன். லாத்தாவிடமும் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். நான் நர்ஸ், எனக்கு இரும்புச்சத்து மாத்திரை இருக்கு, இந்த லேகியமெல்லாம் சும்மா மன திருப்திக்கு என்று பெரிய மேதாவி மாதிரிப் பேசினேன். அது பொய். போனை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டு நாள் கழித்து லாத்தா போன் செய்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தொட்டி எங்கன இருக்கு என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. மிஷினுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா, மூடி உண்டா, எவ்வளவு உயரம் என்று கேட்டார். எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அதற்கப்புறம் வந்து போகிறவர்களிடமெல்லாம் அதையே விசாரித்திருக்கிறார். அந்த மருமகன் வீட்டுக்கு ஒரு வருஷம் ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கவில்லை. இது ரொம்ப அதிகம் என்று நான் சண்டை பிடித்தேன். அவர் நூலைப் பல்லால் கடித்தார்.

மூன்று வருஷம் ஓடியது. லாத்தாவின் மகளும் கல்யாணமாகித் துபாய்க்கு வந்திருந்தாள். அவளுக்குப் பெண்குழந்தை பிறந்த நேரம், நான் அய்யாவின் கண் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் லீவில் ஊரில் இருந்தேன். குழந்தையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். லாத்தாவுக்கு விசா வந்துவிட்டது. எங்க உம்மாவையும் உங்களோடயே கூட்டிட்டு வந்துருங்கக்கா என்று மகள் கேட்டாள். ஊருக்கெல்லாம் பை கட்டியவர் முதல்முறையாகத் தனக்குப் பை கட்டப் போகிறார் என்று தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

லேகியத்தை முதல் நாள் கிண்டினார். கரண்டியை நட்டால் அசையாமல் நிற்கிற பதம் வரும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. ஆறவைத்து எவர்சில்வர் சம்படத்தில் அடைத்து, கைப்பையில் வைத்தார். பெட்டிக்குள் வையுங்கள், இது லேகியம், விட மாட்டார்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பெட்டிக்குள், பெட்டிக்குள் என்று சொன்ன மனுஷி எனக்கு என்ன பதில் சொன்னார் தெரியுமா? பெட்டி போற வழி பெட்டிக்குத்தான் தெரியும், புள்ள. ஒன்னோடத அடுத்தவன் கையில குடுத்துத் தொலைச்சேன், இது என் கையோட போகும் என்றார். காலையில் கிளம்பும்போது சம்படத்தைத் திறந்து என் கண்ணுக்கு நேரே சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். கவிழ்த்தே காட்டினார். ஒரு இம்மி அசையவில்லை. சரி, வாங்க என்றேன்.

அக்னி நட்சத்திரம் அது. ஏசி காற்று தலையைப் பிடிக்கும் என்று லாத்தா கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டார். வெயில் அடிக்கிற பக்கம் அவர்தான் உட்கார்ந்திருந்தார், பை மடியில். ராமநாதபுரம் தாண்டும்போதே காற்று நெருப்பாக இருந்தது. பரமக்குடியில் டீ குடித்தோம். அப்போதும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. மதுரை போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேலானது. நெய் உருகும், கருப்பட்டிப் பாகு இளகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பெட்டிகளைப் போட்டோம், அவை உள்ளே போய்விட்டன. சோதனை வரிசைக்கு வந்ததும் லாத்தா கண்ணால் தேடினார். இயந்திரத்தின் வலப்பக்கம், இடுப்பு உயரத்தில், மூடியில்லாமல் இருந்தது அது. இதுதானா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். பழைய பகையாளியைச் சந்தையில் பார்த்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

கைப்பை மிஷினைவிட்டு வெளியே வந்ததும் தனியாக ஒதுக்கினார்கள். வடக்கத்தி ஆள் ஒருவர், இருபத்தைந்து வயது இருக்கும், பையைத் திறந்தார். சிவப்பு ஜிப் பையைப் பார்த்தார், அதில் குறை இல்லை. சம்படத்தை எடுத்து மூடியைத் திறந்தார். பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சம்படத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

லேகியம் ஆடியது. மேலே நெய் மிதந்துகொண்டு, கருகருவென்று, சாய்த்த பக்கமெல்லாம் சாய்ந்தது.

லாத்தா அதைப் பார்த்தார். அவர் முகம் அப்படி ஒடுங்கி நான் பார்த்ததில்லை. அந்த ஆள் தொட்டியைக் கையால் காட்டினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், மருந்து என்றேன், பிள்ளை பெற்றவளுக்கு என்றேன், நான் நர்ஸ் என்றேன். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். லேகியத்துக்கு எந்த டாக்டர் சீட்டு எழுதுவார்? எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்கு வெட்கம், பதற்றம், இந்த மனுஷி சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே என்ற எரிச்சல், எல்லாம் சேர்ந்து வந்தது.

"போட்டுருங்க லாத்தா," என்றேன். "ஒங்க மக நல்லாத்தான் இருக்கா. மாத்திரை சாப்பிட்டாப் போதும்."

லாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்கும் இதத்தான் சொன்னே. போடச் சொன்னா போட்டுருவியா?"

அந்தக் கேள்வியைத் தெருவில் நூறு தடவை கேட்டிருக்கிறேன், அது என்மேல் விழுந்தது அன்றைக்குத்தான்.

லாத்தா சம்படத்தை அந்த ஆள் கையிலிருந்து வாங்கி, பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதே. எழுந்திருங்க அம்மா என்று இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் தமிழ் தெரிந்த பெண் அதிகாரி ஒருவர் வந்தார். ரூல்மா, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது என்று தன்மையாகத்தான் சொன்னார். லாத்தாவும் தன்மையாகத்தான் பதில் சொன்னார்.

"ரூல் சரிதான் தாயி, நான் கொறை சொல்லல. ஆடுச்சு, நானே பாத்தேன். ஆடாம ஆக்கித் தாரேன், அப்பறம் சொல்லு."

என்ன செய்யப் போகிறார் என்று அந்த அம்மாவுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. லாத்தா பைக்குள் கையைவிட்டு இரண்டு பொட்டலங்களை எடுத்தார். மகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க வறுத்து அரைத்த கருப்பு உளுந்து மாவு ஒன்று, சுக்குப் பொடி ஒன்று. இரண்டும் மிஷினுக்குள் போய் வந்தவைதான். எனக்கு அப்போதுதான் அந்த நோன்புக் கஞ்சி ஞாபகம் வந்தது. பெண் அதிகாரி பொட்டலங்களை முகர்ந்து பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம்தான், ஓரமா உக்காந்து பண்ணுங்க என்றார்.

லாத்தா பிஸ்மி சொல்லிவிட்டுச் சம்படத்துக்குள் மாவைக் கொட்டினார். ஒரு கையால் பிசைந்தார். இன்னும் கொட்டு என்றார், கொட்டினேன். லேகியம் மாவைக் குடித்துக்கொண்டே இருந்தது. விமானத்துக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவசரத்தில் மாவைத் தரையெல்லாம் சிந்தினேன். அவர் அவசரப்படவில்லை. எனக்கு அந்த நேரத்தில் உலகத்தில் இருக்கிற எல்லாச் சீருடைமேலும் கோபமாக வந்தது, சிரிப்பாகவும் வந்தது. வரிசையில் நின்றவர்கள் ட்ரேயில் செருப்பைப் போட்டுவிட்டு, போனைப் போட்டுவிட்டு, கழுத்தை வளைத்து எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். லாத்தா மூடியைத் தட்டு மாதிரி மடியில் வைத்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி உருட்டி அடுக்கினார். கடைசியில் மொத்தத்தையும் சம்படத்துக்குள் வைத்து எழுந்து போய் அந்த வடக்கத்தி ஆளிடம் நீட்டினார்.

அவர் சாய்த்துப் பார்த்தார். உருண்டைகள் கடகடவென்று ஒரு பக்கமாக ஓடின. அவர் லாத்தாவைப் பார்த்தார். அது உருளுது, அவ்வளவுதான், வேணும்னா எண்ணிப் பாரு என்றார் லாத்தா. அவருக்கு என்ன புரிந்ததோ, பெண் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சம்படம் இன்னொரு தரம் மிஷினுக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலையை ஆட்டினார்கள்.

அது துபாய்க்குப் போனது, மகள் வாயில் லாத்தாவின் கையாலேயே விழுந்தது, உளுந்து வாடை அடிக்குதே உம்மா என்று அவள் முகத்தைச் சுளித்தாள், பேசாம தின்னு என்று அதட்டு வாங்கினாள். இதெல்லாம் அன்றைக்குச் சாயங்காலமே நடந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது இதையில்லை. சோதனைக்காரர்கள் தலையை ஆட்டினார்கள் பாருங்கள், அதற்கடுத்து நடந்ததை.

லாத்தாவின் வலது கை மணிக்கட்டுவரை கறுப்பாக இருந்தது. மூடியிலும் ஓரமெல்லாம் லேகியம் அப்பியிருந்தது, மாவு சேராதது, இளகினது. பெண் அதிகாரி நல்ல மனசோடு ஒரு பேப்பரை நீட்டி, தொடச்சு அதுல போட்டுருங்கம்மா என்று தொட்டியைக் காட்டினார். லாத்தா பேப்பரை வாங்கவில்லை. மூடியை ஆள்காட்டி விரலால் சுற்றி வழித்தார். உள்ளங்கையில் இருந்ததையும் அதோடு சேர்த்து ஒரு உருண்டையாகத் திரட்டினார். திரட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"வாயத் தொற."

எனக்கு எதுக்கு லாத்தா, என் பிள்ளைக்கு மூணு வயசாகுது என்றேன்.

"மூணு வருசம் லேட்டா வருது. ஒனக்கு வர வேண்டியது, தொற."

அத்தனை பேர் பார்க்க, இத்தனை வருஷ சர்வீஸ் உள்ள நர்ஸ், வாயைத் திறந்தேன். சுக்குக் காரம் நாக்கில் ஏறியது, பின்னாலேயே கருப்பட்டி. எனக்கு எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அழுதேன், வெட்கமெல்லாம் படவில்லை. கடைசி அழைப்பு என்று என் பேரையும் அவர் பேரையும் ஒலிபெருக்கியில் தப்புத் தப்பாகக் கூப்பிட்டார்கள். லாத்தா விரலில் ஒட்டியிருந்ததையும் என் உதட்டில் தடவி முடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினார். போகிற வழியில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாட்டில்களும் டப்பாக்களுமாக முக்கால்வாசி நிரம்பியிருந்தது. எங்களுடையது எதுவும் அதில் இல்லை.